குவேனியின் கையில் இருந்த நூல்

வாசகர் கேள்வி – பதில்

சபிக்கப்பட்ட பெண்களின் முன்கதைகளை நம்மில் யாராவது எழுத வேண்டும் என்று சென்ற இதழில் இப்பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் எழுதியே முடித்துவிட்டார். ஆகையால் இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடம் வைக்கவில்லை.

*கேள்வி: குவேனியை நாயகியாக வைத்து ஒரு மிகுபுனைவு முன்கதை எழுதி முடித்திருக்கிறேன். அவளுடைய இளமையில் தொடங்கி, விஜயன் அவளைத் துரத்திவிடும் நாள் வரையில் கதை செல்கிறது. அவள் ஒரு குற்றமும் அறியாதவள், உலகந்தான் அவளைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று காட்டியிருக்கிறேன். வாசித்த என் அக்கா, "பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுகை வரவில்லை" என்கிறார். பிழை எங்கே இருக்கிறது? முதல் இரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். – வாசகி, மஸ்கெலியா*

பதில்: உங்கள் அக்கா சரியாகவே வாசித்திருக்கிறார். உங்கள் மொழியில் குறை இல்லை; பனி இறங்கும் காட்டை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிழை, குவேனியிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்ட ஒரு பொருளில் இருக்கிறது. அவளுடைய குற்றத்தை எடுத்துவிட்டீர்கள்.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின் 7ஆம் அதிகாரம் அவளைப் பற்றிச் சொல்வதை ஒருமுறை வரிசையாகப் பார்ப்போம். விஜயனும் 700 தோழர்களும் தம்பபண்ணியில் கரையேறுகிறார்கள். காவலுக்கு நின்ற தெய்வம் அவர்கள் மேல் நீர் தெளித்துக் கைகளில் நூல் கட்டிவிடுகிறது. நாய் உருவில் வந்த ஒரு யட்சினியின் பின்னே போன தோழன் ஒருவன், மரத்தடியில் துறவிப் பெண்ணைப் போல அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியைக் காண்கிறான். அவனை அவள் உண்ண முயல்கிறாள். கையில் கட்டிய நூல் தடுக்கிறது. ஒருவர் பின் ஒருவராக 700 பேரையும் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். தேடி வந்த விஜயன் அவளுடைய கூந்தலைப் பற்றி வாளை ஓங்க, உயிருக்கு மன்றாடி, அரசை வாங்கித் தருவதாக வாக்களிக்கிறாள். அன்றிரவு யட்சர்களின் நகரான சிறீசவத்துவில் ஒரு கலியாணம். யட்சர்கள் மனிதர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்பதால், தான் குரல் கொடுக்கும் இடத்தில் வெட்டுமாறு விஜயனிடம் சொல்கிறாள். அவள் குரல் கொடுக்கிறாள், அவன் வெட்டுகிறான். அவளுடைய சனம் அந்தக் கலியாண வீட்டிலேயே மடிந்து போகிறது.

உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் குவேனி மயங்கிக் கிடக்கும்போது விஜயன் தந்திரமாக நகருக்குள் நுழைந்துவிடுகிறான். இந்த மாற்றத்தால் அவள் கைகள் சுத்தமாகிவிட்டன. ஆனால் அவளுடைய குரல் போய்விட்டது. மூலத்தில் அந்தக் குரல்தான் ஆயுதம். தன் உறவினர் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். மாமன் இங்கே, சித்தி மகள் அங்கே என்று அவள் அறிந்து, அறிந்தபடியே குரல் கொடுத்தாள் என்பதை நீங்கள் எழுதத் துணிந்தால், உங்கள் அக்கா அழுவார். ஏன் அப்படிச் செய்தாள் என்ற கேள்விக்கு மூலம் விடை சொல்லவில்லை. உங்கள் முன்கதைக்கு விடப்பட்டிருக்கும் நிலம் அதுதான். அந்தக் கலியாண வீட்டுக்கு அவளுக்கு அழைப்பு இருந்ததா? மற்றவர்கள் நகரில் கூடியிருக்க, அவள் மட்டும் ஏன் கரையோரத்து மரத்தடியில் தனியே நூல் நூற்றுக்கொண்டிருந்தாள்? இந்த இரண்டாவது கேள்வியையே முதல் அத்தியாயமாக வைக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் நூற்பது நூல். அவளிடமிருந்து அந்த மனிதர்களைக் காப்பதும் நூல். இந்த இரண்டு நூல்களையும் நீங்கள் எங்குமே சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த மணிக்கட்டில் கட்டியிருந்ததை அவள் முதன்முதலில் தொட்டபோது, அதன் முறுக்கைப் பார்த்து அது எந்தக் கையால் நூற்கப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? மாயக்கதை எழுதும் ஒருவருக்கு இதைவிட நல்ல பிடி கிடைப்பது அரிது.

கடைசியில் வரும் துரத்தலையும் நீங்கள் அவசரமாக முடித்திருப்பதாக உங்கள் கதைச் சுருக்கத்திலிருந்து தெரிகிறது. மதுரையிலிருந்து பாண்டியன் மகள் வந்து சேர்ந்த செய்தி கேட்டதும், பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டுப் போய்விடு, மனிதர்கள் உங்களைப் போன்றவர்களுக்கு அஞ்சுவார்கள் என்று விஜயன் சொல்கிறான். அவள் யட்சர்களை நினைத்து நடுங்குகிறாள். அதற்கு அவன், 1000 செலவழித்து உனக்குப் பலி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்கிறான். தன்னோடு வாழ்ந்து இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அவன் தருவதாகச் சொன்னது ஜீவனாம்சம் இல்லை. பேய்க்குப் படைக்கும் படையல். அந்த ஒரு வாக்கியத்தில் மனைவியாக இருந்தவள் மறுபடியும் யட்சினியாக்கப்படுகிறாள். இதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுங்கள்.

*கேள்வி: முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையை ஒருவர் ஏன் வாசிக்க வேண்டும்? முன்கதை என்ற வடிவத்திலேயே இந்தக் குறை இருக்கிறதல்லவா? – மாணவர், ஹட்டன்*

பதில்: தம்பி, மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் போய் ஓர் இரவு நின்று பாருங்கள். கம்பம் ஊன்றிய நாளிலேயே மன்மதன் எரிந்துபோவான் என்பது தோட்டத்தில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். அவன் போகத்தான் போகிறான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், தப்பு அடங்கி ரதியின் புலம்பல் தொடங்கும்போது, பகலெல்லாம் கொழுந்து பறித்து விரல் கறுத்துப் போன பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ரதியாக வேடம் கட்டியிருப்பவர் பக்கத்து லயத்து ஆண்பிள்ளை என்பதும், காலையில் அவரைப் பீலிக்கரையில் பார்த்தோம் என்பதும் அவர்கள் அறியாததா?

என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், அதைத் தடுத்திருக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றும் நம் கண்ணில் படத் தொடங்கும். இந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே, அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். குவேனி குரல் கொடுக்க வாயைத் திறக்கும் கணத்தில், முடிவை அறிந்த வாசகர்தான் அவளுடைய வாயைப் பொத்த நினைப்பார். முடிவை அறியாதவருக்கு அது வெறும் போர்க்களக் காட்சி.

*கேள்வி: முன்கதை என்பது வெளியிலிருந்து வந்த சரக்கு, நம் இலக்கியத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – ஆசிரியர், பதுளை*

பதில்: அவரிடம் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையை எடுத்துக் கொடுங்கள். மதுரை எரிந்த பிறகு, அந்த நகரின் தெய்வமே கண்ணகி முன் வந்து, கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கு ஒரு முன்கதை சொல்கிறது. கலிங்க நாட்டில் இரண்டு ஊர்களுக்குள் பகை. சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரத்துக்குப் பண்டம் விற்க வருகிறான். அங்கே அரசனிடம் வேலை செய்த பரதன், இவன் பகைவரின் ஒற்றன் என்று சொல்லிப் பிடித்துக் கொடுத்துக் கொல்வித்துவிடுகிறான். நீலி 14 நாள் தெருத்தெருவாக அலைகிறாள். பிறகு ஒரு மலையில் ஏறி, எமக்கு இத்துயரைச் செய்தவர் இதே துயரை அடைக என்று சாபமிட்டு, அங்கிருந்து வீழ்ந்து உயிரை விடுகிறாள். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான் என்கிறது காப்பியம். சாபமிட்ட பெண்ணின் சோக முன்கதை என்று நாம் இன்று பெயர் வைத்துப் பேசுவது, காப்பியத்துக்குள்ளேயே ஒரு சிறு பெட்டியைப் போல இருக்கிறது.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து நீலியின் 14 நாட்களை விரித்து எழுதியவர் யாரையும் நான் வாசித்ததில்லை. பழிக்கு இலக்காகும் கோவலனுக்கு அந்த நீலி ஒரு காரணமாக மட்டும் நிற்கிறாள். கண்ணகி ஒரே நாளில் செய்து முடித்ததை, நீலி 14 நாள் செய்ய முடியாமல் அலைந்திருக்கிறாள். அவளுக்காக நீதி கேட்க எந்த அரண்மனை வாசலும் திறக்கவில்லை. இதை எழுதுவதற்கு உங்கள் வாசிப்பு வட்டத்திலேயே ஒருவர் இருக்கக்கூடும்.

இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது ஒரு விடயம் என் நெஞ்சில் தைத்தது. விஜயனால் துரத்தப்பட்ட குவேனி லங்காபுரத்துக்குத் திரும்பிப் போனபோது, அங்கிருந்த யட்சர்கள் அவளைக் கண்டு, வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்றே அஞ்சினார்கள். ஒருவன் கையால் ஓங்கி அடித்த ஒரே அடியில் அவள் இறந்தாள். கலிங்கத்து வணிகனும் இலங்கையின் யட்சினியும் ஒரே சந்தேகத்தினால் மடிகிறார்கள். சங்கமன் விடயத்தில் அது முழுப் பொய். குவேனி விடயத்திலோ, அன்று பொய்யானாலும், அவள் ஒருமுறை உண்மையாகவே அதைச் செய்தவள். அவளைக் கொன்றவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதனால் அவளுடைய சாவு நமக்குக் கூடுதலாக வலிக்கிறது.

தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவளை வேறொரு கண்ணால் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. கேட்டாலே குலை நடுங்கும் இன்னொரு நீலியான பழையனூர்ப் பேய் நீலியை, சமண முனிவரிடம் தோற்று, அவரிடமே அறம் கற்று, பிற சமயத்தாரோடு வாதம் செய்யும் அறிவாளியாக ஆக்கிக் காட்டியது நீலகேசி என்னும் சமணக் காப்பியம்.

*கேள்வி: குவேனி சிங்கள மக்களின் கதை. அதை எழுத நமக்கு உரிமை உண்டா? – வாசகர், மாத்தளை*

பதில்: உண்டு. பாளியில் எழுதப்பட்ட கதை அது. அதற்கு முந்திய தீபவம்சத்தில் குவேனியே இல்லை. பிற்காலச் சிங்கள மரபுக் கதைகள் அவளுக்கு மூன்று மார்பகங்கள் இருந்ததாகவும், கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் ஒன்று மறைந்ததாகவும் சொல்கின்றன. மதுரை மீனாட்சியான தடாதகைப் பிராட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கதைகள் கடலைக் கடந்து போயும் வந்தும் இருக்கின்றன. அதோடு, குவேனியின் இடத்துக்கு வந்த பெண் மதுரையிலிருந்து வந்தவள். கப்பலிலிருந்து இறங்கும் அவளுடைய கண்ணால் குவேனியை ஒரு முறையாவது பார்க்கும் அத்தியாயத்தை எழுதுவதற்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன். இன்றைய இனச் சண்டைக்கு மட்டும் அவளைக் கொடியாகப் பிடிக்க வேண்டாம். அவளை ஏற்கெனவே இரண்டு பக்கமும் கைவிட்டாயிற்று.

*கேள்வி: என் கதையில் நாயகி சாபத்துக்கு ஆளாகிறாள். சாபம் எப்படி இருக்க வேண்டும் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இடி மின்னலோடு எழுதினால் நாடகமாகிவிடுகிறது. – வாசகி, தலவாக்கலை*

பதில்: இடியையும் மின்னலையும் விட்டுவிட்டு, சாபத்துக்கு ஓர் அளவு வையுங்கள். மணிமேகலையில் வரும் காயசண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். விருச்சிகன் என்னும் முனிவன் 12 ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றையே உணவாகக் கொள்பவன். அதை ஆற்றங்கரையில் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடப் போகிறான். கணவனோடு அவ்வழியே வந்த காயசண்டிகை அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். அடுத்த கனியை நான் உண்ணும் நாள்வரை, 12 ஆண்டும் யானைத்தீ என்னும் தீராப் பசியோடு நீ அலைவாய் என்று அவன் சபிக்கிறான். அவன் கிடக்கப்போகும் பட்டினிக்குச் சரியான அளவில் அவளுக்கும் பசி. கூடவுமில்லை, குறையவுமில்லை. அதனால்தான் அந்தச் சாபம் நமக்கு மாயமாகத் தோன்றாமல், கடன் கணக்கைப் போல மனதில் பதிகிறது. அப்பசி மணிமேகலையின் அமுதசுரபியால் தீர்ந்து, ஊருக்குத் திரும்பும் வழியிலேயே அவள் விந்திய மலையின் மேல் பறந்து மாண்டுபோகிறாள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவளுக்கும் ஒரு முன்கதை வேண்டும்.

சாபம் இடுபவளைப் பற்றி எழுதுவதானால், அது போய்ச் சேரும் இடத்தை யோசியுங்கள். மகாவம்சத்தில் குவேனி யாரையும் சபிக்கவில்லை. மலைநாட்டின் கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கு மரபில்தான் அவளுடைய சாபம் சிறுத்தையின் உருவெடுக்கிறது. அது தைத்தது விஜயனை அல்ல; அவனுக்குப் பின் அரசனான பண்டுவாசுதேவனை. அவளை ஏமாற்றியவன் நிம்மதியாக ஆண்டு முடிக்க, அவளை நேரில் காணாத ஒருவன் தூக்கத்தில் சிறுத்தையைக் கண்டு அலறுகிறான். கண்டி நடனம் அந்தத் தோஷத்தைக் கழிக்க ஆடிய ஆட்டத்திலிருந்து பிறந்ததாகவே அந்த மரபு சொல்கிறது. இரவில் லயத்து நாய் திடீரென்று குரைப்பை நிறுத்தினால் அதற்கு என்ன பொருள் என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்கள் சாபமும் அப்படி வரட்டும்.

*கேள்வி: "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவள்" என்பதை வாசகருக்கு எப்படி உணர்த்துவது? நான் எழுதினால் விளக்கவுரையாகிவிடுகிறது. – வாசகர், அப்புத்தளை*

பதில்: விளக்கமே வேண்டாம். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஓர் ஆயா தனியாக இருந்தார். அவருடைய கண் பட்டால் பசு பால் மறுக்கும் என்றும், அந்தி நேரத்தில் பேயோடு பேசுவார் என்றும் பெரியவர்களே சொல்வார்கள். அவர் இஸ்தோப்பைத் தாண்டும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். ஒரு மழைநாளில், வீட்டில் தீப்பெட்டி நமத்துப் போனதால், நெருப்பு வாங்கி வரும்படி அப்பாயி என்னை அந்தக் காம்பிராவுக்கு அனுப்பினார். கதவு சாத்தியிருக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் இரண்டு சின்னத் தகரக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். ஒன்றின் விளிம்பு நெளிந்திருந்தது. அந்த நெளிந்த கோப்பையைப் பார்த்து, "சூடு, ஊதிக் குடி" என்றார்.

நம் சனத்தில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தகப்பனோடு பெயர் எழுதப்பட்டு, தலைமன்னாருக்குப் போன கோச்சியில் ஏறிய இரண்டு பிள்ளைகள் அவருக்கு இருந்தார்கள் என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. அந்தக் கோச்சியை எங்கள் சனம் அழுகைக் கோச்சி என்றே சொல்லும். இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் அந்தி நேரத்தில் இல்லாதவர்களோடு பேசினார் என்று ஊர் சொன்னது பொய்யில்லை. நானே காதால் கேட்டேன். ஊர் கண்டதும் உண்மை, அவருடைய கோப்பைகளும் உண்மை. உங்கள் நாயகியைப் பற்றி ஊர் சொல்லும் ஒவ்வொன்றும் நடந்ததாகவே இருக்கட்டும். வாசகரை மட்டும் கதவு திறந்திருக்கும் ஒரு மழைநாளில் உள்ளே அனுப்புங்கள்.

*கேள்வி: முன்கதையை எங்கே நிறுத்துவது? நாயகி இறக்கும் வரை எழுத வேண்டுமா? – வாசகி, மஸ்கெலியா (முதல் கேள்வி கேட்டவரின் இரண்டாவது கடிதம்)*

பதில்: வேண்டாம். மகாவம்சத்தின்படி அவள் பிள்ளைகள் இருவரையும் லங்காபுரத்துக்கு வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போகிறாள். அவள் இறந்த பிறகு, அவளுடைய தாய்மாமன் ஒருவன் அந்தப் பிள்ளைகளைக் கண்டு, யாருடைய மக்கள் என்று விசாரித்து, ஓடிவிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறான். அவர்கள் ஓடி வந்து சேர்ந்த மலை, உங்கள் தோட்டத்திலிருந்து நீங்கள் தினமும் பார்க்கும் சிவனொளிபாதமலை. அவர்கள் பெருகி வாழ்ந்த மலைநாட்டுக்கு மகாவம்சம் இட்ட பெயரும் மலயம் என்பதே. இதையெல்லாம் வாசகர் அறிவார், அல்லது கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நீங்கள் அவளை நகர வாசலுக்கு முன்னால் நிறுத்துங்கள். மூத்தவனிடம் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லட்டும். உள்ளே நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள், கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லட்டும். அதை அவள் நம்பிச் சொன்னாளா, பிள்ளைகளுக்காகச் சொன்னாளா என்பதை நீங்கள் எழுத வேண்டாம். திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள். முதலில் அக்காவிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.